மாண்டிசோரி அம்மையாரும் அவர்தம் முதல் மாணாக்கரும்

காஞ்சி நகருக்கு மேற்கே, பெங்களூருக்குச் செல்லும் பெருவழியில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்து அமைந்துள்ளது எங்கள் ஊராகிய திருப்புட்குழி. சடாயு என்னும் புள்ளரசனுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவென்று ஊர்ப்பெயருக்குக் காரணங் கூறுவர். இவ்வூரைப் பற்றி வேறொரு வரலாறும் வழங்குகின்றது. இராமாநுசர் தம் இளமைப் பருவத்தில் யாதவப் பிரகாசர் என்னும் ஆசிரியரிடம் பாடங் கேட்டது இவ்வூரிலேதான் என்பர். மாணாக்கர் கண்ட பொருளை ஆசிரியரால் ஏற்க இயலவில்லை, மனக்கசப்பு வளர்ந்தது, மாணாக்கர் பிரிய நேர்ந்தது. பின்னாளில் அவ்வாசிரியரே தம் பழைய மாணாக்கரை நாடிச் சென்று அவருக்கு மாணாக்கரானார் என்று வைணவ நூலார் எழுதியுள்ளனர். ஆசிரியர் மாணாக்கரிடம் கற்ற இக்கதையை யான் சிறுவயது முதலே கேட்டிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது சென்ற ஆண்டிலேதான்.

எங்கள் தெருவில் யான் அக்கா என்றழைக்கும் பெண்மணி ஒருவர் வாழ்கின்றார். அவருடைய மகனுக்கு அப்பொழுது வயது நான்கரை. பெயர் சொல்லி அழைத்தால் அச்சிறுவன் திரும்பமாட்டான். பிறர் முகத்தை ஏறிட்டு நோக்கமாட்டான். இரண்டொரு சொல்லுக்கு மேல் அவனுக்குப் பேச்சு எழவில்லை. புளியங்கொட்டைகளை நிலத்தில் நேர்வரிசையாக அடுக்கிவிட்டு, அவ்வரிசை கலையாதிருக்கும் வரையில் தனியே மகிழ்ந்திருப்பான். பெருவழியிற் செல்லும் லாரியின் ஊதொலி கேட்டாலோ, இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறுவான். வறுத்த பயற்றை நனைத்து மடியிற் கட்டிக்கொண்டு உறங்கினால், அது முளைவிடும் பெண்ணுக்கு மகப்பேறு வாய்க்கும் என்பது எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிய நம்பிக்கை. அங்ஙனம் வேண்டிப் பெற்ற பிள்ளை அவன். ஆயினும் அவன் பேசாமைக்குத் தாயின் கைப்பேசியே காரணமென்று சிலரும், அவள் கருவுற்றிருந்தபோது செய்த பிழையே காரணமென்று சிலரும் கூறத் தவறவில்லை.

அச்சிறுவனைச் சேர்த்தற்பொருட்டு, மாண்டிசோரி என்னும் பெயரைப் பலகையிற் பொறித்திருந்த மழலையர் பள்ளி ஒன்றிற்கு அக்காவோடு யானும் துணையாகச் சென்றேன். பத்து நிமிடத்திற்குள் விடை கிடைத்துவிட்டது. இத்தகைய பிள்ளையை வைத்துக்கொண்டால் மற்றப் பெற்றோர் குறைகூறுவர் என்றும், இவனுக்கென்று வேறு இடங்கள் இருக்கின்றன என்றும் பணிவாகவே சொல்லி அனுப்பினர். அக்கா ஒன்றும் பேசாமல் பிள்ளையைத் தோளிற் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தார். வாயிற்சுவரில் நரைத்த கூந்தலையுடைய மூதாட்டி ஒருவரின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் யாரென்று எனக்கு அன்று தெரியாது. கல்லூரிக்குத் திரும்பியபின் நூல்நிலையத்தில் அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தபின் எனக்குண்டான வியப்பையும் வருத்தத்தையும் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளுதலே இக்கட்டுரையின் நோக்கம். அம்மூதாட்டி முதன்முதலாகக் கற்பித்தது செல்வர் வீட்டுச் சுட்டிக் குழந்தைகளுக்கன்று. எந்தப் பள்ளியும் ஏற்காது துரத்திய குழந்தைகளுக்கே!

பிறப்பும் கல்வியும்

மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலி நாட்டின் கீழ்க்கரைப் பகுதியிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே மகள். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகஸ்தர். பழைய வழக்கங்களில் பற்றுடையவர். தாயார் ரெனில்தே படிப்பில் ஆர்வமிக்கவர். மகளின் விருப்பங்களுக்கு என்றும் துணைநின்றவர். அம்மையார் குழந்தையாயிருந்தபோதே குடும்பம் உரோமை நகருக்குக் குடிபெயர்ந்தது.

பெண்கள் உயர்கல்வி கற்பது அரிதாயிருந்த அக்காலத்தில், கணிதத்தில் ஈடுபாடு கொண்ட இப்பெண் பதின்மூன்றாம் வயதில் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழிற்கல்விப் பள்ளியிற் சேர்ந்தார். பொறியியல் கற்க விரும்பியவர் பின்னர் மருத்துவத்தை நாடினார். தந்தையார் மறுத்தார், பல்கலைக்கழகத்தாரும் தயங்கினர். அம்மையார் பின்வாங்கவில்லை. ஆண்களோடு ஒருங்கே நின்று பிணத்தை அறுத்துப் பயிலுதல் பெண்ணுக்குத் தகாதென்று கருதப்பட்டமையால், மற்ற மாணவர் சென்றபின் தனியே அவ்வறையிலிருந்து பயில வேண்டியதாயிற்று. 1896-ஆம் ஆண்டில் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலி நாட்டில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணியர் சிலருள் அவரும் ஒருவர்.

புகலிடத்துப் பிள்ளைகள்

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மனநோய் மருத்துவ நிலையத்தில் துணை மருத்துவராகப் பணியேற்றார். அப்பணியின் பொருட்டு நகரிலுள்ள பித்தர் புகலிடங்களுக்குச் சென்று வருதல் வேண்டும். ஆங்கே அவர் கண்ட காட்சி அவருடைய வாழ்வின் போக்கையே மாற்றிற்று.

வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்று தனியிடம் அக்காலத்து இல்லை. பேசாத பிள்ளை, வலிப்புடைய பிள்ளை, கேளாத பிள்ளை, கற்பிப்பது மனத்திற் பதியாத பிள்ளை ஆகிய யாவரையும், முதியவரான பித்தரோடு ஒரே கட்டடத்தில் அடைத்து வைத்திருந்தனர். அவர்கள் இருந்த அறையில் கைக்கு எட்டும் பொருள் ஒன்றேனும் கிடையாது. உணவு முடிந்தபின் அப்பிள்ளைகள் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் கண்ட பணிப்பெண், அவர்களுடைய பெருந்தீனி ஆசையை அருவருப்போடு எடுத்துரைத்தாள் என்றும், அம்மையார் உற்றுநோக்கி அது பசியன்று என்று உணர்ந்தார் என்றும் அவருடைய வரலாற்றாசிரியர் கூறுவர். அத்துணுக்குகளைப் பிள்ளைகள் விரல்களால் உருட்டியும் பிசைந்தும் பார்த்தனர். வெறுமையான அவ்வறையில் கைக்குக் கிடைத்த விளையாட்டுப் பொருள் அது ஒன்றே. அவர்கள் நாடியது கைக்கும் கண்ணுக்கும் வேலை, சோறு அன்று.

பணிப்பெண் கண்டதும் அம்மையார் கண்டதும் ஒரே செயல்தான். ஒருவர் அதனைக் குற்றமாகக் கண்டார். மற்றவர் அதனை ஒரு கேள்வியாகக் கண்டார். இவ்வேறுபாட்டிலேதான் மாண்டிசோரி அம்மையாரின் தொண்டு முழுவதும் அடங்கியுள்ளது என்பது என் எண்ணம்.

வழிகாட்டிய இருவர்

இக்குழந்தைகளைப் பற்றி முன்னோர் யாரேனும் எழுதியுள்ளனரா என்று அம்மையார் தேடினார். பிரெஞ்சு நாட்டு மருத்துவர் இருவரின் நூல்கள் அகப்பட்டன. ஒருவர் இத்தார், மற்றவர் அவருடைய மாணாக்கர் செகேன்.

1800-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு நாட்டின் அவேரோன் பகுதிக் காட்டிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். ஆடையின்றித் திரிந்த அவனுக்குப் பேச்சு இல்லை. கைவிடப்பட்டுக் காட்டில் வளர்ந்தவன் என்று கருதினர். திருத்த முடியாத பேதை என்று பெரிய மருத்துவர்கள் தள்ளிவிட்ட அவனை, பாரிசில் செவிடர் ஊமையர் பள்ளியில் பணியாற்றிய இளைஞர் இத்தார் ஏற்றுக்கொண்டு, விக்தோர் என்று பெயரிட்டு, ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கற்பித்தார். விக்தோர் பேசக் கற்கவில்லை. ஆயினும் சில சொற்களை எழுத்தால் அறிந்தான். தன்னைப் பேணிய பெண்ணிடம் அன்பு காட்டினான். அவனிடம் காணப்பட்ட குறிகளை ஆராய்ந்து, அவன் ஆட்டிசம் உடைய பிள்ளையாயிருந்திருக்கலாம் என்று நம் காலத்து அறிஞர் சிலர் கருதுகின்றனர். செகேன் தம் ஆசிரியரின் வழியை விரிவாக்கி, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்றே பள்ளி நிறுவி, கை, கண், செவி ஆகிய புலன்களின் வழியே அறிவைத் தூண்டும் கருவிகளைச் செய்தார்.

இவ்விருவருடைய நூல்களையும் அம்மையார் இத்தாலிய மொழியில் தம் கையாலேயே முழுதும் பெயர்த்தெழுதினார். அச்சிலுள்ளதை ஏன் எழுத வேண்டும் எனில், ஒவ்வொரு சொல்லையும் நின்று நிறுத்து அறிதற்கே. தேர்வுக்காக ஒரே இரவில் நூறு பக்கம் புரட்டும் எம்போன்றோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

இரண்டாண்டுத் தொண்டு

1898-ஆம் ஆண்டில் தூரின் நகரில் நடைபெற்ற ஆசிரியர் மாநாட்டில் அம்மையார் பேசினார். மனவளர்ச்சிக் குறைபாடு மருந்தால் மட்டும் தீர்வதன்று, தக்க கல்வியே அதற்கு முதன்மையான வழி என்பது அவர் கூறிய கருத்து. 1900-ஆம் ஆண்டில் உரோமையில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரைப் பயிற்றும் பள்ளி தொடங்கப்பெற்றது. மருத்துவர் மொந்தெசானோவும் அம்மையாரும் அதன் தலைமையை ஏற்றனர். நகரத்துப் பள்ளிகள் தள்ளிய பிள்ளைகளும் புகலிடத்துப் பிள்ளைகளும் ஆங்குக் கொணரப்பெற்றனர். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரையில் அம்மையார் தாமே அவர்களோடு இருந்து கற்பித்தார். இரவில் அன்று கண்டவற்றையெல்லாம் எழுதி வைத்தார்.

அவர் கற்பித்த முறைக்கு எடுத்துக்காட்டு ஒன்று கூறுவேன். பதினொரு வயதுப் பெண் ஒருத்திக்குத் தையல் வரவில்லை. கையில் வலிமை இருந்தும், ஊசியை இழைகளுக்கு மேலும் கீழுமாக மாறிமாறிச் செலுத்த அவளால் இயலவில்லை. அம்மையார் அவளைக் கடிந்து மீண்டும் மீண்டும் ஊசியைப் பிடிக்கச் செய்யவில்லை. தையலை நிறுத்திவிட்டு, காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பாய்போல முடையும் விளையாட்டை அவளுக்குக் கொடுத்தார். அது கைவந்தபின் ஊசியைக் கொடுத்தார், அவள் தைத்துவிட்டாள். பாவிற்குள் ஊடு செல்லும் விதத்தை நாள்தோறும் காணும் காஞ்சிப் பகுதியார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. செயலைக் கற்பிக்குமுன் அச்செயலுக்குரிய அசைவைக் கைக்குப் பழக்க வேண்டும் என்னும் உண்மையை அம்மையாருக்குக் கற்பித்தவள் அச்சிறுமியே.

எழுத்தையும் அவ்வாறே கற்பித்தார். மரத்தால் எழுத்துகளைச் செய்து, உயிரெழுத்துகளுக்குச் செந்நிறமும் மெய்யெழுத்துகளுக்கு நீலநிறமும் பூசி, அவற்றின்மேல் பிள்ளைகளின் விரலை ஓட்டச் செய்தார். பின்னாளில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் வந்தன. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மணலின்மேல் விரலால் எழுதிக் கற்ற முறையும் இதற்கு உறவுடையதே. இங்ஙனம் கற்ற பிள்ளைகள் சிலர், பொதுப் பள்ளிப் பிள்ளைகளுக்குரிய தேர்வில் அவர்களோடு அமர்ந்து, எழுத்திலும் படிப்பிலும் தேறினர். நகரம் வியந்தது. அம்மையாருக்கோ வியப்பைவிடக் கவலையே மிகுந்தது. குறையுடைய பிள்ளைகளே இவ்வளவு எட்டுவாராயின், குறையற்ற பிள்ளைகளை இவ்வளவு கீழே நிறுத்தி வைத்திருப்பது எது என்று அவர் சிந்திக்கலானார்.

மறைத்து வளர்த்த மகன்

இவ்விடத்தில் அம்மையாரின் வாழ்வில் நேர்ந்த பெருந்துயரத்தையும் கூறுதல் வேண்டும். அம்மையாருக்கும் உடன் பணியாற்றிய மொந்தெசானோவுக்கும் 1898-ஆம் ஆண்டில் மரியோ என்னும் மகன் பிறந்தான். அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாத தாய் என்னும் பெயர் அக்காலத்தில் ஒரு பெண்ணின் கல்வி, பணி, மதிப்பு ஆகிய அனைத்தையும் அழித்துவிடும். ஆதலின் குழந்தை நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் வளர்க்கப்பெற்றது. தாய் என்று சொல்லாமலே அம்மையார் சென்று பார்த்து வந்தார். மொந்தெசானோ வேறொரு பெண்ணை மணந்தார்; 1901-ஆம் ஆண்டில் அம்மையார் அப்பள்ளியை விட்டு நீங்கினார். பலர் பெற்ற பிள்ளைகளுக்குப் பகலெல்லாம் தாயாயிருந்தவர், தாம் பெற்ற பிள்ளைக்குத் தாயென்று சொல்ல இயலாதிருந்தார். பிள்ளையின் பொருட்டு ஊரார் நாவிற்கு அஞ்சி வாழும் தாயின் நெஞ்சம் எத்தகையது என்பதை அவர் நூலிற் படித்து அறியவில்லை. 1912-ஆம் ஆண்டின் இறுதியில் தம் தாயார் இறந்தபின்னரே மகனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அப்பொழுதும் உலகத்தாருக்கு அவனை உறவினன் என்றே கூறிவந்தார்.

குழந்தைகள் இல்லம்

உரோமையில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுபிள்ளைகள் மாடிப்படிகளிலும் சுவர்களிலும் கிறுக்கித் திரிந்தனர். கட்டடத்தைப் பேணக் கருதிய உரிமையாளர் அப்பிள்ளைகளை ஓரறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுமாறு அம்மையாரை வேண்டினர். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகளோடு குழந்தைகள் இல்லம் திறக்கப்பெற்றது.

அங்கே அம்மையார் புதிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. புகலிடத்துப் பிள்ளைகளுக்காகச் செய்த உருளைகள், பலகைகள், எழுத்துகள் ஆகியவற்றையே இப்பிள்ளைகளின் கையிற் கொடுத்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றின் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது முறைக்கு மேல் செய்தாள். மற்றவர் சுற்றிப் பாடியும் அவள் கவனம் கலையவில்லை. 1909-ஆம் ஆண்டில் அம்மையார் தம் முறையை நூலாக்கினார். அது பல மொழிகளிற் பெயர்க்கப்பெற்று, அவருடைய பெயர் நாடெங்கும் பரந்தது. முசோலினியின் அரசு முதலில் அவரை ஆதரித்தது. பின்னர் இருவருக்கும் பொருந்தாமற் போகவே, 1934-ஆம் ஆண்டில் அவர் இத்தாலியை விட்டு நீங்கினார். ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அங்கிருந்தும் நீங்கி ஆலந்து சென்றார்.

அடையாற்றில் அம்மையார்

1939-ஆம் ஆண்டின் இறுதியில், பிரமஞான சங்கத் தலைவர் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, அறுபத்தொன்பது வயதில் அம்மையார் மகன் மரியோவோடு சென்னை வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளின் கீழ் பயிற்சி வகுப்பு நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் வந்து சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ அதனை உடனுக்குடன் ஆங்கிலத்திற் கூறுவார்.

1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இத்தாலி போரிற் புகுந்தது. இத்தாலியர் யாவரும் பகை நாட்டினர் ஆயினர். மரியோவை அகமதுநகர் முகாமில் காவலில் வைத்தனர். அம்மையார் அடையாற்றை விட்டு வெளியேறலாகாது என்று தடை விதித்தனர். முதுமையிலே மீண்டும் மகனைப் பிரிந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று வைசிராய் அவருக்கு அனுப்பிய பிறந்தநாட் பரிசு, மரியோவின் விடுதலை. அவ்வாணையில் மரியோ அவருடைய மகன் என்றே குறிக்கப்பெற்றிருந்தார் என்பர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மறைத்த உறவு, நம் தமிழ்நாட்டு மண்ணில் வெளிப்படையாயிற்று.

பின்னர்க் கொடைக்கானலில் 1942 முதல் 1944 வரையில் தங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார், இலங்கைக்கும் சென்றார். போர் முடிந்தபின் ஐரோப்பா சென்று மீண்டும் இந்தியா வந்தார். ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆசிரியர் இந்நாட்டில் அவரிடம் பயின்றனர். 1952-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் ஆலந்தில் நோர்த்வைக் என்னும் கடற்கரை ஊரில் காலமானார்.

பெயரிட்டவர்களும் பழித்தவர்களும்

அம்மையார் கொடைக்கானலில் இருந்த அதே 1943-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டில் பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கானர் என்பார் பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஆய்வுரை ஒன்று வெளியிட்டார். பிறரோடு உறவாடுவதில் இடர்ப்பாடு, மாறாத ஒழுங்கில் பெருவிருப்பம், பேச்சில் வேறுபாடு ஆகியன அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டன. தான் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த ஆட்டிசம் என்னும் பெயர் இந்நிலைக்கு வழங்கலாயிற்று. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஆசுபெர்கரும் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதினார். இருவருக்கும் முன்னரே, 1925-ஆம் ஆண்டில், இரஷ்ய நாட்டுப் பெண் மருத்துவர் சுகரேவா இக்குறிகளைத் தெளிவாக எழுதியிருந்தார். அடையாற்றில் அம்மையார் கற்பித்துக்கொண்டிருந்த அக்காலத்திலேயே, செர்மனி நாட்டு ஆட்சியாளர், வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளை வாழத் தகாதவர் என்று முத்திரையிட்டு ஆயிரக்கணக்கில் கொன்றனர் என்பதையும் மறத்தலாகாது. பிள்ளையைப் பார்க்கும் பார்வை பிழைத்தால் அது எங்கே சென்று முடியும் என்பதற்கு அதுவே சான்று.

பின்னர் ஏறக்குறைய இருபதாண்டுகள், தாயின் அன்பின்மையே ஆட்டிசத்திற்குக் காரணம் என்று மருத்துவர் பலர் கூறித் தாய்மாரை வாட்டினர். அது தவறென்று நிறுவப்பட்டுவிட்டது. 1977-ஆம் ஆண்டில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்த ஆய்வு, இந்நிலை பெரும்பாலும் மரபணுவின் வழிப்பட்டது என்பதைக் காட்டியது. தடுப்பூசியால் வருவது என்று 1998-ஆம் ஆண்டில் எழுந்த கூற்றும் பொய்யென்று தெளிந்து, அக்கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-ஆம் ஆண்டில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆட்டிசம் நோயன்று, சாபமன்று, வளர்ப்பின் பிழையுமன்று. கருவிலிருந்தே மூளை வேறொரு வழியில் வளர்வதன் விளைவு அது. ஒருவர்க்கு ஒருவர் வேறுபட்டிருத்தலின் அதனை ஒரு நிறமாலை என்பர். சிலர்க்குப் பேச்சே இல்லை. சிலர் நூல்போலப் பேசுவர். சிலர்க்கு அறிவுவளர்ச்சிக் குறையும் உடனிருக்கும். சிலர் பெருங்கல்வி பெறுவர்.

ஒரு வயதாகியும் விரல் சுட்டிக் காட்டாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல்லேனும் பேசாமை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பேசிய சொல்லை இழத்தல் ஆகியவற்றைக் கண்டால், தானே சரியாகும் என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இதனை நீக்கும் மருந்து இல்லை. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயற்பயிற்சி, ஒழுங்குபடுத்திய கல்வி, பெற்றோர்க்குப் பயிற்சி ஆகியன இளமையிலேயே கிடைப்பின் பெரும்பயன் உண்டு.

அமைதியாக ஓரிடத்தில் இருக்க இயலாத மிகையியக்கம், எழுதப் படிக்கத் தடுமாறும் கற்றல் இடர்ப்பாடு ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. இந்திய நாட்டில் ஐந்து இடங்களில் இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளை ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஏறத்தாழ எட்டுப் பிள்ளைகளில் ஒருவர்க்கு இத்தகைய குறைபாடு ஒன்றேனும் உண்டு என்று கண்டது. ஆகவே, நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இத்தகைய பிள்ளை ஒருவருமில்லை என்று எந்த ஆசிரியரும் எண்ணிவிடலாகாது.

தமிழ் மாணாக்கன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். நம் அரசாங்க ஏடுகளில் ஆட்டிசம் உடையோரைப் புறவுலகச் சிந்தனையற்றோர் என்று எழுதக் காண்கிறோம். லாரியின் ஒலி நம் செவிக்கு ஓசை. அச்சிறுவன் செவிக்கோ இடி. புறவுலகு அவனை மிகுதியாகத் தாக்குகின்றதேயன்றி, அவன் அதனை அறியாதவனல்லன். பெயர் பிழைத்தால் பார்வையும் பிழைக்கும். இதனினும் நல்ல சொல்லை ஆக்குதல் தமிழ் கற்போர் கடமை.

குறையும் நிறையும்

அம்மையார் குறையே இல்லாதவர் என்று கூறேன். தம் காலத்து மருத்துவரைப் போலவே மண்டையோட்டை அளந்து மக்களை வகைப்படுத்தும் முறையை அவரும் கையாண்டார். அப்பிள்ளைகளைக் குறிக்க அக்காலத்து மருத்துவ நூலில் வழங்கிய கடுஞ்சொற்களையே எழுதினார். 1907-ஆம் ஆண்டிற்குப்பின் பொதுநிலைப் பிள்ளைகளிடமே அவருடைய கருத்து முழுதும் சென்றது. தம் முதல் மாணாக்கரிடம் அவர் முழுநேரத் தொண்டராக மீளவேயில்லை. அவருடைய பெயரைத் தாங்கிய பள்ளிகள் அப்பிள்ளைகளை மறந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அவருடைய கருவிகள் ஆட்டிசத்தை நீக்குவன என்று கூறுதலும் மிகையாகும். ஆனால் கற்பிக்குமுன் காணுதல் வேண்டும், பிள்ளையை முறைக்கேற்ப வளைக்காமல் முறையைப் பிள்ளைக்கேற்ப மாற்றுதல் வேண்டும் என்று அவர் காட்டிய நெறி என்றும் பொய்யாகாது.

அந்நெறி ஏழைப் பிள்ளைகளுக்கும் எட்டியதுண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ஆம் ஆண்டில் தொடங்கிப் பின்னர்த் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் அம்மையாரின் முறையும் கலந்திருந்தது. யானும் பாயில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணிப்படியில் என் நிலையைக் கண்டு படித்தவனே. அவருடைய மாணாக்கருள் யானும் ஒருவன் என்பதை அறியாமலே படித்திருக்கிறேன்!

முடிவுரை

சட்டம் இன்று அக்காவின் பக்கத்தில் நிற்கின்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலிற் சேர்த்து, அரசால் அங்கீகரிக்கப்பெற்ற பள்ளிகள் இத்தகைய பிள்ளைகளை வேறுபாடின்றிச் சேர்த்தல் வேண்டும் எனக் கூறுகின்றது. முட்டுக்காட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் நடைபெற்று வருகின்றது. அரசு மருத்துவமனையில் அச்சிறுவனுக்கு ஆட்டிசம் என்று உறுதி செய்தபின், அக்கா வாரந்தோறும் அவனைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கின்றார். மற்ற நாட்களில் அவன் ஊர் அங்கன்வாடிக்குச் செல்கின்றான். ஆங்குள்ள ஆயா அவனை ஒலி குறைந்த மூலையில் அமர்த்துகின்றார்.

அம்மையாரின் வரலாற்றைப் படித்தபின் சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். முன்பெல்லாம் அவனைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூவி அழைப்பேன். அவன் திரும்பாதபோது மனம் சோர்வேன். இம்முறை அழைக்கவில்லை. அவன் அருகில் தரையில் அமர்ந்து, அவன் அடுக்கிய புளியங்கொட்டை வரிசையின் இறுதியில் யானும் ஒன்றை வைத்தேன். அவன் அதனைச் சற்றுநேரம் பார்த்தான். யான் வைத்தது வரிசையினின்று சிறிது விலகியிருந்தது. அதனை ஒரு விரலால் நகர்த்தி நேர்செய்தான். பின்னர் வேறொரு கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். மறுபடியும் யான் வைத்தேன். மறுபடியும் அவன் திருத்தினான். அன்று மாலை இருட்டும் வரையில் எனக்கு அப்பாடம் நடந்தது. அக்கா வாயிற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் கல்லூரியிற் பயில்வோருள் பலர் நாளை ஆசிரியராவர். உங்கள் வகுப்பின் வாயிலில் ஒரு நாள் ஒரு தாய் இத்தகைய பிள்ளையோடு வந்து நிற்பாள். அவளுக்குப் பத்து நிமிடத்தில் விடை கூறி அனுப்பிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.